அந்தமானுக்கு எந்த லென்ஸ்? ஐந்தைத் தூக்கிப் போய் இரண்டோடு திரும்பியவனின் கணக்கு

டிக்கெட் போட்டாயிற்று, அறையும் பார்த்தாயிற்று, அப்புறம் கிளம்புவதற்கு முந்தின இரவு கேமரா பையைத் திறந்து வைத்துக்கொண்டு "இதையும் எடுத்துக்கலாமா, வேண்டாமா" என்று உட்கார்ந்திருப்போம் இல்லையா, அந்த இரவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகக் கேமரா வாங்கி, அதோடு வந்த 18-55 லென்ஸும் (இந்த எண்கள் மி.மீ. கணக்கு: சிறிதானால் அகலமாகப் பார்க்கும், பெரிதானால் தூரத்தைக் கிட்டே இழுக்கும்) மேற்கொண்டு ஒன்றோ இரண்டோ வைத்திருப்பவர்கள்தான் என் மனதில் இருப்பவர்கள். பல வருடமாகப் படம் எடுப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

என் முதல் அந்தமான் பயணத்தில் ஐந்து லென்ஸ் கொண்டு போனேன். 10-18, 18-55, 50, 55-250, போதாததற்கு நண்பரிடம் இரவல் வாங்கிய 150-600. அந்தக் கடைசி ஒன்றே இரண்டு கிலோ. திரும்பி வந்து படங்களைப் பார்த்தால் பத்தில் ஒன்பது 18-55லும் 55-250லும் எடுத்தவை. மற்ற மூன்றும் சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம் பறந்து, காற்று வாங்கிவிட்டுத் திரும்பியிருந்தன.

லென்ஸைத் தொடாமல் முதலில் பயணத் திட்டத்தை எடுங்கள்

எந்த லென்ஸ் என்பது இரண்டாவது கேள்வி. எங்கே, எத்தனை மணிக்கு, எதன் மேல் நின்றுகொண்டு எடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு தாளில் நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். அந்தமானுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: போர்ட் பிளேரில் (2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம், ஆனால் ஆட்டோக்காரர் முதல் அறைக்காரர் வரை பழைய பெயர்தான்) செல்லுலார் சிறை, ராஸ் தீவு, பிறகு ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை, காலா பத்தர், எலிபன்ட் பீச், நீல் தீவில் இயற்கைப் பாலம், லக்ஷ்மண்பூர், நாள் மிச்சமிருந்தால் பாராடாங் சுண்ணாம்புக் குகை.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரே ஒரு படத்தைக் குறியுங்கள், அங்கே போனால் இது கட்டாயம் வேண்டும் என்று தோன்றும் படம். செல்லுலார் சிறையில் நீண்ட வராந்தாவும் வரிசையான கம்பிக் கதவுகளும். அதற்கு 18 போதும். ஏழு கிளைகளில் இப்போது மிஞ்சியிருப்பவை மூன்றுதான், நடுக் கோபுரத்தின் மேலே ஏறினால் அவை விரிந்து போவதையும் 18லேயே அடக்கிவிடலாம். ஆனால் ஒரு கொட்டடிக்குள்ளே நின்று எடுக்க வேண்டுமென்றால் இடம் நாலரை மீட்டருக்கு 2.7 மீட்டர், சன்னல் மூன்று மீட்டர் உயரத்தில். அங்கே 18 திணறும். அதற்காக ஒரு அகல லென்ஸைத் தனியாகச் சுமக்க வேண்டுமா? உங்கள் போனில் 0.5 என்று ஒரு பொத்தான் இருந்தால் வேண்டாம். அந்தக் குட்டிக் கேமரா உங்கள் 18-55 எட்டாத அகலத்துக்குப் பார்க்கும். வெளிச்சம் நன்றாக இருக்கும் இடத்தில் அது போதும், எனக்குப் போதுமாக இருந்தது. 10-18ஐ அடுத்த முறை வீட்டிலேயே வைத்தேன்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தமான் சென்னைக்குக் கிழக்கே சுமார் பன்னிரண்டரை டிகிரி தள்ளி இருக்கிறது, கடிகாரமோ அதே இந்திய நேரம். அதனால் சூரியன் நம் ஊரைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முந்தியே எழுந்து, முந்தியே போய்விடும். டிசம்பர், ஜனவரியில் ஐந்தேகாலையொட்டி அஸ்தமனம். டீ குடித்துவிட்டு ஐந்தரைக்குப் போகலாம் என்று இருந்தால் ராதாநகரில் இருட்டைத்தான் எடுப்பீர்கள்.

பழைய படங்களைக் கேளுங்கள்

போன பயணத்தின் படங்களைக் கணினியில் திறந்து ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று பாருங்கள். படத்தின் விவரப் பக்கத்தில் அது இருக்கும். நூறு படத்துக்குக் கோடு போட்டு எண்ணினால் பத்து நிமிட வேலை. பெரும்பாலும் 18லேயே முட்டிக்கொண்டு நின்றிருந்தால் உங்களுக்கு இன்னும் அகலம் வேண்டும் என்று அர்த்தம் (அல்லது நீங்கள் பின்னால் நகர மறுக்கிறீர்கள், அதுவும் உண்டு). 55லேயே முட்டி நின்றிருந்தால் டெலி, அதாவது தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸ் வேண்டும். நடுவில் சிதறிக் கிடந்தால் கைவசம் இருப்பதே போதும், கடைப் பக்கம் போக வேண்டாம்.

இந்தக் கணக்கை நான் முதல் பயணத்துக்கு முன்னால் போடவில்லை. போட்டிருந்தால் பாதிக்கு மேல் 55 என்று வந்திருக்கும், 150-600 இரவல் கேட்கிற எண்ணம் வராமல் 55-250ஐ மட்டும் நம்பிப் போயிருப்பேன்.

சரி, எதை எடுப்பது

ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது படத்தைப் பதியும் சில்லு சற்றுச் சிறிதாக உள்ள கேமரா என்றால் (முதல் கேமராவாக விற்பதில் பெரும்பாலானவை அதுதான்) என் பதில்: 18-55, 55-250 ஜோடி, அதோடு இடம் இருந்தால் ஒரு 50 எஃப் 1.8 (எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்). நிக்கான்காரர்களுக்கு 18-55, 70-300. மற்ற கம்பெனிகளிலும் இதே போன்ற ஜோடி உண்டு. எடையைப் பாருங்கள். கேனன் 1500டி உடல் 475 கிராம், 18-55 இரண்டாம் பதிப்பு 200, 55-250 எஸ்டிஎம் 375, 50 எஸ்டிஎம் 160. எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் கிலோவுக்குள். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ என்பதுதான் வழக்கமான வரம்பு, கேமராவையும் உதிரி பேட்டரிகளையும் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும் (லித்தியம் உதிரி பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போட விடமாட்டார்கள்). ஆக எடை என்பது தோள்வலி விஷயம் மட்டும் இல்லை.

கடற்கரைக்கு எதற்கு டெலி என்று புதியவர்கள் கேட்பார்கள். கடல் பெரிசு, அகலமாகத்தானே எடுக்க வேண்டும்? எடுத்துப் பாருங்கள். மேலே பாதி நீலம், கீழே பாதி மணல், நடுவில் ஒரு கோடு, அந்தக் கோட்டில் புள்ளி அளவுக்கு உங்கள் குடும்பம். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த சூரியன் 18 மி.மீ.யில் படத்தின் உயரத்தில் தொண்ணூறில் ஒரு பங்குதான் வரும், ஒரு மிளகு. அதே சூரியன் 250இல் உயரத்தில் ஏறக்குறைய ஆறரையில் ஒரு பங்கு. அலையும், அலைக்குப் பின்னால் படகும், படகுக்குப் பின்னால் சூரியனும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல நெருங்கி நிற்பது டெலியில்தான். ஒரு எச்சரிக்கை: டெலியை மாட்டிக்கொண்டு ஆப்டிகல் வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துவாரம்) வழியாகச் சூரியனைப் பார்க்கவே பார்க்காதீர்கள், கண் போய்விடும். அது நன்றாக இறங்கிச் சிவந்த பிறகு பின்பக்கத் திரையில் பார்த்து எடுங்கள்.

50 எஃப் 1.8 எதற்கென்றால் இருட்டுக்கு. ராதாநகரில் மணலை ஒட்டியே உயரமான மரங்கள் நிற்கும். சூரியன் போனதும் அந்த மரத்தடியில் வெளிச்சம் சட்டென்று விழுந்துவிடும், அங்கே குழந்தையை ஒரு படம் எடுக்கக் கிட் லென்ஸால் (கேமராவோடு வந்த 18-55) ஆகாது. 55இல் கிட் லென்ஸ் 5.6, ஐம்பதோ 1.8. மூன்று ஸ்டாப்புக்கும் மேலே வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு வெளிச்சம்), அதாவது ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம். பாராடாங் குகையில் வழிகாட்டி டார்ச் அடித்துக் காட்டுவதை எடுக்கவும் எஃப் 1.8 உதவும், ஆனால் அங்கே 50 கொஞ்சம் நெருக்கம். 24 எஃப் 2.8 மாதிரி ஒன்று கையில் இருந்தால் 50க்குப் பதில் அதையே எடுக்கலாம். அமாவாசையையொட்டி ஹேவ்லாக்கில் கடல் நீலமாக ஒளிர்வதை எடுக்கப் போகிறேன் என்பவர்களுக்கு இதைவிட அகலமான, எஃப் 2.8க்குள் உள்ள லென்ஸும் ட்ரைபாடும் வேண்டும். அது தனி ஆசை, குடும்பத்தோடு போகும் முதல் பயணத்தில் வேண்டாம்.

முழுச் சட்ட சென்சார் (ஏபிஎஸ்-சியைவிடப் பெரியது) வைத்திருப்பவர்களுக்கு 24-105 ஒன்றும் 35 அல்லது 50 ஒன்றும். முடிந்தது. 70-200 எஃப் 2.8 வைத்திருப்பவர்கள் அதைக் காட்டத்தான் எடுத்துப் போவார்கள், ஒன்றரை கிலோ, நான் சொன்னால் கேட்கவா போகிறார்கள்.

18-400 போல எல்லாவற்றையும் ஒரே குழாயில் அடக்கிய லென்ஸ்களைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். தீவுப் பயணத்துக்கு நான் சுளிக்க மாட்டேன். ஓரம் கொஞ்சம் மங்கும், இருட்டில் தடுமாறும், ஆனால் மணலில் நின்று லென்ஸ் மாற்றும் வேலை இல்லை. அந்த ஒரு நன்மை எவ்வளவு பெரிசு என்பதைக் கீழே சொல்கிறேன்.

பறவைக்கு என்று ஒரு பெரிய டெலி?

சிடியா டாப்புவுக்கு, பெயரிலேயே பறவை இருக்கிறதே (சிடியா என்றால் இந்தியில் பறவை) என்று, அந்த 150-600ஐத் தூக்கிக்கொண்டு போனேன். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அந்தமானுக்கே உரிய மரங்கொத்தி, கரிச்சான், பாம்புப் பருந்து எல்லாம் அங்கே உண்டு, அதில் பொய் இல்லை. ஆனால் நான் போனது மாலை நாலரைக்கு, வாடகைக் காருக்குள் பசியோடு இரண்டு குழந்தைகள், காடு அதற்குள் இருண்டுகொண்டிருந்தது. எஃப் 6.3இல் ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) ஏற்றி எடுத்த பதினொரு படமும் கறுப்பாக, மணல் மணலாக, ஆடிப்போய் இருந்தன. பறவைக்காகவே போகிறவர் விடியற்காலையில் தனியாக, பொறுமையாகப் போவார். அவருக்கு அந்த லென்ஸ் வேண்டும். மற்றவர்களுக்கு ராஸ் தீவில் பக்கத்திலேயே வந்து நிற்கும் மான்களும் மயில்களும் இருக்கின்றன, 55-250க்கு அதுவே தாராளம். இடிந்த கட்டடங்களை மரவேர் கவ்விப் பிடித்திருப்பதும் அங்கேதான், அதற்கு 18-55.

ஃபில்டரில் ஒன்றே ஒன்று: போலரைசர்

லென்ஸுக்குச் செலவு செய்யும் முன் இதற்குச் செய்யுங்கள். கடல் நீரின் மேல் பளபளக்கும் பிரதிபலிப்பை வெட்டி, அடியில் கிடக்கும் பவளத்தையும் பாசியையும் காட்டுவது இது. கணினியில் பின்னால் என்ன செய்தாலும் இதைக் கொண்டுவர முடியாது, படத்தில் பதியாத பவளத்தை எந்த மென்பொருளும் தோண்டி எடுக்காது. நீல் தீவின் இயற்கைப் பாலத்துக்குக் (உள்ளூரில் ஹவுரா பிரிட்ஜ் என்பார்கள்) கடல் வற்றியிருக்கும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். போகிற வழியெல்லாம் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீர், அதற்குள் மீன், நட்சத்திர மீன். அங்கே போலரைசரை மெல்லத் திருப்பினால் ஒரு இடத்தில் தண்ணீரே இல்லாததுபோல ஆகிவிடும், முதல் முறை பார்க்கிறவர்கள் கண்டிப்பாக "அட" என்பார்கள்.

வாங்கும்போது வட்டப் போலரைசர் என்று கேட்டு, லென்ஸின் முன்வளைய அளவைப் பார்த்து வாங்குங்கள். நான் மேலே சொன்ன கேனன் ஜோடியில் இரண்டுக்குமே 58 மி.மீ.தான், ஒன்று வாங்கினால் இரண்டுக்கும் போதும். லென்ஸ் ஜோடி சேர்க்கும்போதே இதைக் கவனித்தால் காசு மிச்சம். சூரியன் உங்கள் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் இருக்கும்போது வானத்தில் நன்றாக வேலை செய்யும், முகத்துக்கு நேரேயோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் ஒன்றும் தெரியாது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் மாலையானதும் கழற்றிவிடுங்கள். மிக அகலமான லென்ஸில் போட்டால் வானம் ஒரு பக்கம் கருநீலம், இன்னொரு பக்கம் வெளிறல் என்று திட்டுத்திட்டாக வரும்.

ஏ.சி. அறையும் காலா பத்தர் விடியலும்

இதை எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். காலா பத்தர் கிழக்கு பார்த்த கடற்கரை, சூரிய உதயத்துக்கு அதுதான் இடம் என்று நாலரைக்கே அலாரம் வைத்து எழுந்து, இரவெல்லாம் இருபது டிகிரி ஏ.சி.யில் கிடந்த கேமராவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். வானம் ஆரஞ்சாகத் தொடங்கியிருந்தது. மூடியைத் திறந்ததும் லென்ஸ் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. துடைத்தேன், ஐந்து நொடியில் மறுபடி வெளுத்தது. மறுபடி துடைத்தேன். துணியே ஈரமாகிவிட்டது. பக்கத்தில் ஒரு பெரியவர் போனில் படம் எடுத்துக்கொண்டே "இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க தம்பி" என்றார். பொறுத்தேன், சூரியன்தான் பொறுக்கவில்லை. கண்ணாடி தெளிந்தபோது அது நல்ல உயரத்தில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

நடப்பது சாதாரண விஷயம்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பது போலத்தான், கண்ணாடி குளிர்ந்திருக்கிறது, வெளிக்காற்றில் ஈரம் அதிகம். துடைப்பதால் பயன் இல்லை, கண்ணாடி சூடேற வேண்டும், அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். வெளியே தெரிவதோடு போனால் பரவாயில்லை, ஈரம் லென்ஸுக்குள் தங்கினால் பின்னால் பூஞ்சை பிடிக்கும்.

செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. காலையில் சீக்கிரம் கிளம்புவதாக இருந்தால் முந்தின இரவே கேமராவை ஏ.சி. படாத இடத்தில் வையுங்கள். நான் அறையின் பாத்ரூமில், தண்ணீர் தெறிக்காத மேல் தட்டில் வைத்துவிடுவேன் (யாரையும் வெந்நீரில் குளிக்க விடாமல் காவல் இருக்க வேண்டும், அது வேறு). இல்லையென்றால் அறைக்குள் இருக்கும்போதே பெரிய ஜிப் கவரில் போட்டுக் காற்று போகாமல் மூடி, வெளியே கொண்டுவந்து அரை மணி கழித்துத் திறங்கள். ஈரம் கவரின் மேலே படியும், கேமராவில் படியாது. தீவுகளுக்கிடையே ஓடும் தனியார் படகுகளிலும் இதே கதைதான், உள்ளே நல்ல குளிர். அந்தப் படகுகளின் சன்னல் கண்ணாடியெல்லாம் உப்புக் கறை, உள்ளிருந்து எடுப்பது வீண். படம் வேண்டுமென்றால் மேல்தளத்தில் நிற்க விடும் அரசு கப்பலில் ஒரு வழியாவது போய்ப் பாருங்கள், மெதுவாகப் போகும், அதுவே நல்லது.

மணலும் உப்பும்

கடற்கரையில் லென்ஸ் மாற்றக் கூடாது. இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். ராதாநகரில் நான் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டைக்குள் ஒளித்து, கெட்டிக்காரத்தனமாகத்தான் மாற்றினேன். மறுநாள் எடுத்த எல்லா வானத்திலும் மேல் வலது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. சென்சாரில் உட்கார்ந்த தூசி அது, ஊர் திரும்பும் வரை கூடவே வந்தது. 18-55இன் ஜூம் வளையம் அன்றிலிருந்து கர் கர் என்று அரைக்கிறது, இன்னும்.

அதனால் அறையை விட்டுக் கிளம்பும் முன்னரே முடிவு செய்துவிடுங்கள்: இன்று காலை இந்த லென்ஸ், மாலை அந்த லென்ஸ். ராதாநகர் மாலைக்கு 55-250ஐ மாட்டிக்கொண்டு போய், அகலமான படத்துக்குப் போனை எடுங்கள். எலிபன்ட் பீச்சுக்கு இரண்டுமே வேண்டாம். சின்னப் படகில் தண்ணீர் தெறிக்கும், இறங்கும்போது முழங்கால் ஆழம், அப்புறம் எல்லோரும் ஸ்நார்க்கலிங் போய்விட்டால் பையை யார் பார்த்துக்கொள்வது? நீர்புகாத உறைக்குள் போன், அல்லது ஒரு ஆக்‌ஷன் கேமரா.

உப்புத்துளி கண்ணாடியில் காய்ந்துவிட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புப் படிகமும் மணலும் சேர்ந்து கீறிவிடும். முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில்தான் தெறிக்கும். பிறகு மைக்ரோஃபைபர் துணியின் ஓரத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுத்து, அப்புறம் உலர்ந்த பகுதியால் துடையுங்கள். யுவி ஃபில்டர் தேவையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, கடற்கரையில் மட்டும் போட்டுக்கொள்கிறேன், அதைக் கழற்றிக் குழாயடியில் கழுவலாம், லென்ஸைக் கழுவ முடியாது.

கேமராவைப் பைக்குள் வைக்க வேண்டிய இடங்கள்

பாராடாங் போகிற சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி வழியே போகிறது. வண்டிகள் வரிசையாக, காவலோடு போகும், வழியில் நிற்காது. அந்த மக்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனை வரை போகும். சோதனைச் சாவடிக்கு முன்னாலேயே கேமராவையும் போனையும் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள், டெலி லென்ஸ் மடியில் இருந்தாலே தேவையில்லாத கேள்வி வரும். போர்ட் பிளேர் விமானத்தளத்தில் கடற்படையும் இருக்கிறது, அங்கேயும் படம் வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கிளம்பும் முன், திரும்பிய பின்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, எடுத்துப் போக முடிவு செய்த அந்த இரண்டு லென்ஸை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஒரு மாலை பெசன்ட் நகர் கடற்கரைக்கோ உங்கள் ஊர் ஆற்றங்கரைக்கோ போய் வாருங்கள். எது கைக்குச் சிக்கவில்லை, எதைத் தேடித் தடுமாறினீர்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். புதிதாக ஒன்று வாங்குவதானால் இந்த ஒத்திகைக்குப் பிறகு வாங்குங்கள். வாடகைக்கு எடுப்பதானால் கடையிலேயே மாட்டி, ஃபோகஸ் ஓடுகிறதா, உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எனக்கு ஒரு கடையில் வாடகைக்குத் தந்த லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சை இருந்தது, பார்க்காமல் வாங்கியிருந்தால் திருப்பித் தரும்போது என் தலையில் கட்டியிருப்பார்கள்.

ஊர் திரும்பியதும் அலுப்பில் கேமரா பையை அப்படியே அலமாரிக்குள் தள்ளிவிடத் தோன்றும். அந்தப் பைக்குள் அந்தமானின் ஈரம் இன்னும் இருக்கிறது. அன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பையைக் கவிழ்த்துத் தட்டி, வெயிலில் காயப் போடுங்கள் (பையை மட்டும், லென்ஸை அல்ல). லென்ஸ்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடுங்கள். அரிசி டப்பாவுக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும். நிறம் மாறும் வகை ஜெல் கிடைத்தால் அதுவே நல்லது, எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.